கேம் இழுக்கிறது, மீட்டிங் உறைகிறது: கோளாறு எங்கே என்று நீங்களே கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 100 எம்பிபிஎஸ் வருகிறது. கேமுக்குள் போனால் எதிராளி நின்ற இடத்திலிருந்து மறைந்து பத்தடி தள்ளி முளைக்கிறான். மீட்டிங்கில் முக்கியமான இடத்தில் உங்கள் குரல் துண்டு துண்டாகப் போகிறது, நாலு பேர் மாறி மாறி "கேட்குதா, கேட்குதா" என்கிறார்கள். இந்தப் புகாரோடு கூப்பிட்டவர்கள் வீட்டில் உட்கார்ந்து பலமுறை பார்த்துவிட்டேன். அநேகமாக எல்லோரும் முதலில் செய்வது பிளானை உயர்த்துவது, அல்லது புது ரவுட்டர் வாங்குவது. பணம் போய்விடுகிறது, கோளாறு அங்கேயே இருக்கிறது.

உங்கள் கைக்கும் கேம் சர்வருக்கும் நடுவில் நாலு துண்டுகள் உண்டு: உங்கள் கருவி, வீட்டுக்குள் இருக்கும் வைஃபை, வீட்டிலிருந்து வெளியே போகும் லைன், அதற்கு அப்பால் இணையம். எந்தத் துண்டு கெட்டிருக்கிறது என்று தெரியாமல் எதை மாற்றினாலும் அது குருட்டடி. கீழே உள்ள வரிசை பக்கத்திலிருந்து தொடங்கித் தூரத்துக்குப் போகிறது. தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள், ஒவ்வொரு படியும் முந்தைய படியின் விடையை வைத்துத்தான் நிற்கிறது. எல்லாம் முடியும்வரை எதையும் வாங்கவும் வேண்டாம்.

1. தொடங்கும் முன் கையில் வேண்டியவை

ஒரு லேப்டாப், ரவுட்டரில் செருகும் நெட்வொர்க் கேபிள் ஒன்று, ஒரு நோட்டு, பேனா. லேப்டாப்பில் கேபிள் போடும் ஓட்டை இல்லையென்றால் யூஎஸ்பியில் செருகும் அடாப்டர் வேண்டும். இரவல் வாங்கினால் போதும், ஒரு வாரத்துக்குத்தானே.

ரவுட்டரைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் நுழைய பிரவுசரில் அடிக்க வேண்டிய முகவரியும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். லைன் கொடுத்த கம்பெனி உங்களுக்குத் தனியாக யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் அதையும் தேடி எடுத்து எழுதி வையுங்கள்.

எதற்காக இவ்வளவு என்றால், புதிதாக இறங்குபவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. பவர் சுவிட்சை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுவது ரீஸ்டார்ட். ஊசியால் குத்துகிற சின்ன ஓட்டை ரீசெட். அதைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால், லைனுக்கான யூசர்நேம் உட்பட உள்ளே இருந்த எல்லாமே அழிந்து, ரவுட்டர் தொழிற்சாலையில் இருந்து வந்த நிலைக்குப் போய்விடும். இழுத்துக்கொண்டாவது ஓடிய நெட் அதோடு நின்றுவிடும். கம்பெனியிலிருந்து ஆள் வரும்வரை இரண்டு நாள் நெட்டே இல்லாமல் இருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஓட்டைப் பக்கம் போகவே வேண்டாம்.

2. இது நெட் கோளாறுதானா என்று முதலில் பிரியுங்கள்

ஆட்டம் தடுமாறினால் எல்லாவற்றுக்கும் நாம் வைத்திருக்கும் ஒரே பெயர் லேக். ஆனால் அதில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு.

திரை முழுவதும் திக்கித் திக்கி நகர்கிறது, கேமராவைத் திருப்பினாலே வெட்டி வெட்டிப் போகிறது என்றால், ஃபிரேம் விழுகிறது. கருவிக்கு மூச்சு வாங்குகிறது, நெட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மாறாக, திரை வழவழவென்று ஓடுகிறது, ஆனால் மற்ற ஆட்டக்காரர்கள் மட்டும் தாவுகிறார்கள், நீங்கள் சுட்டது ஒரு நொடி கழித்துப் படுகிறது என்றால் அது நெட்.

சந்தேகம் இருந்தால் நெட் தேவைப்படாத கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அதிலும் திக்கினால் இந்த வழிகாட்டி உங்களுக்குத் தேவையில்லை. கிராஃபிக்ஸ் அளவைக் குறையுங்கள், காற்றுத் துவாரங்களில் அடைந்த தூசியைத் துடையுங்கள்.

டிவியில் விளையாடுபவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. பட்டனை அழுத்திக் கொஞ்சம் தாமதமாகத்தான் எல்லாமே நடக்கிறது, ஆஃப்லைன் கேமிலும் அப்படியே என்றால், டிவி படத்தை மெருகேற்றுவதற்காகச் செலவிடும் நேரம் அது. டிவி செட்டிங்ஸில் கேம் மோட் என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் அந்த வேலைகளை டிவி நிறுத்திவிடும்.

3. கோளாறு வரும் நேரத்தைப் பிடித்து எழுதுங்கள்

மூன்று நாள் நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு இழுத்தது, எந்த அறையில், எந்தக் கருவியில், அப்போது வீட்டில் வேறு யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள். ஒரு தடவைக்கு ஒரு வரி போதும்.

இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். காலை பதினோரு மணிக்குச் சோதித்துவிட்டு "எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று முடிவுக்கு வருகிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு வரும் கோளாறு பகலில் அகப்படாது. அதோடு, நேரமே பாதி விடை சொல்லிவிடும். ஒரே அறையில் மட்டும் என்றால் வைஃபை. தினமும் மாலையில் மட்டும் என்றால், வீட்டுக்குள் யாரோ லைனை நிறைக்கிறார்கள், அல்லது வெளியே கம்பெனி லைனில் கூட்டம். நேரம் காலம் இல்லாமல் எப்போதும் என்றால் கேபிளோ லைனோ அடிபட்டிருக்கலாம்.

4. இரண்டு ஜன்னல், இரண்டு பிங்

எல்லாப் படிகளிலும் முக்கியமானது இதுதான், இதற்கு நேரம் கொடுங்கள்.

பிங் என்பது ஒரு சின்ன பாக்கெட்டை, அதாவது தகவல் பொட்டலத்தை அனுப்பி, அது போய்த் திரும்பி வர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று பார்ப்பது. ஸ்பீட் டெஸ்ட் சொல்வது குழாயின் அகலத்தை. கேமுக்கும் பேச்சுக்கும் வேண்டியது அகலம் இல்லை, தாமதமில்லாமல் போய் வருவது. பெரும்பாலான ஆன்லைன் கேம்கள் ஆடும்போது ஒரு எம்பிபிஎஸ்கூட எடுப்பதில்லை. தெளிவான வீடியோ காலுக்கு மூன்று நான்கு எம்பிபிஎஸ் போதும். 100 எம்பிபிஎஸ் இருந்தும் கேம் இழுப்பதில் ஆச்சரியம் இல்லை.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டை இரண்டு ஜன்னலாகத் திறந்துகொள்ளுங்கள், மேக்கில் டெர்மினலை. முதல் ஜன்னலில் பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, உங்கள் ரவுட்டரின் முகவரி. அது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். லேபிளில் இல்லாவிட்டால், போனில் வைஃபை விவரங்களைத் திறந்து கேட்வே அல்லது ரவுட்டர் என்ற வரியைப் பாருங்கள். இரண்டாவது ஜன்னலில் அதே சொல், பிறகு 8.8.8.8. இது கூகுளின் பொது முகவரி. 1.1.1.1 போட்டாலும் சரி.

விண்டோஸ் நாலு தடவை அனுப்பிவிட்டு நின்றுவிடும். நாலு தடவையில் எதுவும் தெரியாது. ஆகவே முகவரிக்குப் பின்னால் இடைவெளி விட்டு, ஒரு சின்னக் கோடும் ஆங்கில டி எழுத்தும் சேருங்கள், நீங்கள் நிறுத்தும்வரை ஓடும். மேக்கில் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்த, கண்ட்ரோல் பட்டனோடு சி. நிறுத்தியதும் எத்தனை பாக்கெட் போயின, எத்தனை திரும்பவில்லை என்ற கணக்கு கீழே வரும்.

இரண்டு ஜன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கேம் ஆடிக்கொண்டோ மீட்டிங்கில் இருந்துகொண்டோ கவனியுங்கள். இழுக்கும் அந்த நொடியில் எந்த ஜன்னலில் எண் எகிறுகிறது என்பதுதான் கேள்வி.

ரவுட்டர் ஜன்னலும் எகிறி, வெளி ஜன்னலும் எகிறினால், கோளாறு வீட்டுக்குள்: படி 5, அப்புறம் 6. ரவுட்டர் ஜன்னல் சமர்த்தாக இரண்டு, மூன்று என்று இருக்க, வெளி ஜன்னல் மட்டும் எகிறினால் லைனிலோ அதற்கு அப்பாலோ: அப்போதும் படி 5ஐ முடித்துவிட்டுத்தான் 7க்குப் போக வேண்டும். இரண்டுமே அசையாமல் இருக்க, கேம் மட்டும் இழுத்தால் அந்த கேமின் சர்வர் பக்கம். அதற்குப் படி 8இல் ஒரு வழி இருக்கிறது.

ரவுட்டர் ஜன்னல் மட்டும் அவ்வப்போது எகிறி, வெளி ஜன்னல் ஒழுங்காக இருந்தால் பயப்பட வேண்டாம். வெளியே போகும் பாக்கெட்டும் அதே ரவுட்டர் வழியாகத்தானே போகிறது? தனக்கென்று வரும் பிங்குக்குச் சில ரவுட்டர்கள் சாவகாசமாகப் பதில் சொல்லும், மற்றவர்களின் பாக்கெட்டைக் கடத்துவதில் சுணங்காது.

இன்னொரு தவறு, சராசரியை மட்டும் பார்ப்பது. நூறு பிங்கில் தொண்ணூற்றேழு 20 மில்லி விநாடி, மூன்று மட்டும் 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 34தான் வரும், பார்த்தால் அருமையான லைன். ஆனால் அந்த மூன்றில்தான் நீங்கள் செத்துப் போனீர்கள், அந்த மூன்றில்தான் உங்கள் குரல் அறுந்தது. அதிகபட்சத்தையும், திரும்பாத பாக்கெட்டையும் பாருங்கள். நூற்றுக்கு ஒன்று திரும்பாவிட்டாலே கேமில் உணரலாம்.

5. அதே சோதனை, கேபிள் போட்டு

லேப்டாப்பை ரவுட்டரோடு கேபிளில் இணையுங்கள். இணைத்த பிறகு லேப்டாப்பின் வைஃபையை அணையுங்கள். இதை மறந்துவிட்டு, கேபிள் செருகியும் வைஃபையிலேயே ஓடிக்கொண்டிருந்ததைச் சோதித்தவர்கள் உண்டு.

இப்போது அதே இரண்டு ஜன்னல், கோளாறு வரும் அதே நேரம். கேபிளில் ரவுட்டருக்கான பிங் ஒரு மில்லி விநாடிக்குள் அசையாமல் நிற்க வேண்டும். வெளி ஜன்னலும் ஒழுங்காகிவிட்டதென்றால் குற்றவாளி வைஃபை, சந்தேகமே இல்லை. வெளி ஜன்னல் கேபிளிலும் எகிறினால் வைஃபையை விட்டுவிட்டு நேரே படி 7க்குப் போங்கள். இந்தப் படியைச் செய்யாமல் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியே "வைஃபையில் பார்த்தீர்களா, கேபிளில் பார்த்தீர்களா" என்பதுதான்.

கேபிளிலேயே ஒரு பொறி இருக்கிறது. 300 எம்பிபிஎஸ் பிளானில், கேபிள் போட்டும் ஸ்பீட் டெஸ்ட் ஒவ்வொரு தடவையும் 94ஐ ஒட்டியே வந்து நிற்கிறதா? அது லைன் கோளாறு இல்லை. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. ஜிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நாலு போதும். ஒரு கம்பி அறுந்தாலோ, முனையில் சரியாக உட்காராமல் போனாலோ, இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். அதில் நமக்குக் கிடைப்பது 94, 95. மேசைக் கால் அடியில் நசுங்கிய கேபிளில் இதைப் பார்த்தேன். கிளிப் உடைந்த முனையிலும் பார்த்தேன். வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள். கேட் 5இ என்று அச்சிட்ட சாதாரணக் கேபிளே 100 மீட்டர் வரை ஜிகாபிட் தாங்கும், வீட்டுக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

விளையாடும் கருவியும் ரவுட்டரும் ஒரே அறையில் இருந்தால், சோதனைக்குப் போட்ட கேபிளை அப்படியே விட்டுவிடுங்கள். படி 6 முழுவதையும் தாண்டிவிடலாம்.

6. வைஃபைதான் என்றால்

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். மாற்றியதும் இரண்டு ஜன்னலையும் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்து, எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இடத்தையும், பேண்டையும் (வைஃபை ஓடும் அலைவரிசை), சேனலையும் (அந்த அலைவரிசைக்குள் ஒரு பாதை) ஒரே நாளில் மாற்றினால், எது உதவியது, எது கெடுத்தது என்று உங்களுக்கே தெரியாது.

முதலில் இடம். செலவே இல்லாதது, பலன் அதிகம் தருவதும் இதுதான். ரவுட்டரை அலமாரிக்குள்ளோ, டிவிக்குப் பின்னாலோ, தரையிலோ வைக்காதீர்கள். உலோகம் அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் உறிஞ்சிவிடும், கான்கிரீட் சுவர் பெரும்பங்கைத் தின்றுவிடும். ஃபிரிட்ஜ், மீன் தொட்டி, பெரிய கண்ணாடி ஆகியவற்றுக்குப் பின்னால் வைப்பதும் அப்படித்தான். வீட்டின் நடுவில், நெஞ்சுயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள்.

போனில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். சிக்னலை எண்ணாகக் காட்டும் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். டிபிஎம் என்ற அளவில், மைனஸ் குறியோடு வரும். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை பேச்சுக்கும் கேமுக்கும் தாங்கும். மைனஸ் 80ஐத் தொட்டால் இழுக்கத்தான் செய்யும். மூன்று எண் இறங்கினால் சிக்னல் பாதியாகிவிட்டது என்று அர்த்தம், ஆகவே ரவுட்டரை நாலடி நகர்த்துவதுகூட வீண்போகாது.

அடுத்து பேண்ட். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவர் தாண்டும், ஆனால் ஒரே நெரிசல். அக்கம்பக்கத்து வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அந்த இடத்தில்தான். 5 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகாது, ஆனால் இடம் தாராளம். பல ரவுட்டர்கள் இரண்டையும் ஒரே பெயரில் காட்டுவதால், எதில் இருக்கிறோம் என்று நமக்குத் தெரிவதில்லை. செட்டிங்ஸில் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் கொடுங்கள். கேமும் லேப்டாப்பும் 5இல், மற்ற சில்லறைக் கருவிகள் 2.4இல். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தூரத்து அறையில் மெதுவாகப் பேசும் பழைய கருவி ஒன்று, மற்ற எல்லோரையும் காக்க வைத்துவிடும்.

அப்புறம் சேனல். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். "யாரும் இல்லாத மூணாம் நம்பரைப் பிடிச்சேன்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்மையில் 1, 6 இரண்டின் சத்தத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள். அனலைசர் ஆப்பில் அந்த மூன்றில் எதில் கூட்டம் குறைவு என்று பார்த்து அதைப் போடுங்கள், சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே வையுங்கள். 5இல் வைஃபை திடீரென்று மொத்தமாக மறைந்து ஒரு நிமிடம் கழித்து வருகிறதென்றால், சேனல் எண்ணைப் பாருங்கள். 52 முதல் 144 வரையிலான சேனல்களைப் பல நாடுகளில் ராடார்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ராடார் சத்தம் கேட்டதாகத் தோன்றினாலே ரவுட்டர் அந்தச் சேனலைக் காலி செய்தாக வேண்டும். 36 முதல் 48க்குள் ஒன்றை நிரந்தரமாகப் போட்டால் அந்தத் தொல்லை போய்விடும்.

லேப்டாப்பில் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கும்போது மட்டும் வயர்லெஸ் மவுஸும் 2.4 வைஃபையும் தடுமாறினால், அந்தக் கேபிளிலிருந்து கசியும் இரைச்சல்தான் காரணம். டிஸ்க்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

ரிப்பீட்டர் கடைசி. அதைச் சிக்னலே இல்லாத அறையில் வைப்பதுதான் வழக்கமான பிழை. கேட்டால்தானே அது திருப்பிச் சொல்ல முடியும்? ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் பாதி வழியில் வையுங்கள். ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் திருப்பிச் சொல்லும் ரகமாக இருந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகும், தாமதமும் கூடும். கேமுக்காக வாங்குவதென்றால், அந்தக் காசுக்கு நீளக் கேபிள் ஒன்றைச் சுவரோரமாக இழுத்துவிடலாம் என்பதுதான் என் கருத்து.

7. லைன் நிறையும்போது மட்டும் இழுத்தால்

என் அக்கா மகன் தினமும் ராத்திரி எட்டரைக்கு மேல் கேம் இழுக்கிறது என்று இரண்டு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தான். கஸ்டமர் கேரில் பிளானை உயர்த்தச் சொன்னார்கள், உயர்த்தினார்கள், மாற்றமில்லை. நான் போன அன்று கேபிள் போட்டு, இரண்டு ஜன்னலையும் திறந்து வைத்துக் காத்திருந்தோம். வெளி ஜன்னலில் 19, 21, 18, 20. எட்டே முக்காலுக்கு அக்கா வேலையிலிருந்து வந்தாள். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு உள்ளே போனாள். ஒரு நிமிடம் இருக்கும், 240. அடுத்து 610. அடுத்து 655. "மாமா, இப்ப பாருங்க, இதான்" என்று அவன் கத்தினான். நான் எழுந்து போய்ச் சார்ஜரைப் பிடுங்கினேன். பத்து விநாடியில் மறுபடி 20.

சார்ஜில் இருக்கும்போது மட்டும் படங்களைப் பேக்கப் எடுக்கும்படி அக்காவின் போன் செட் ஆகியிருந்தது. அன்றன்றைக்கு எடுத்த வீடியோ எல்லாம் அந்த நேரத்தில் மேலே ஏறும். உயர்த்திய பிளானில் டவுன்லோடுதான் கூடியிருந்தது, அப்லோடு பழைய அளவே.

பேக்கப் அப்லோடு பாதையை முழுதாக நிறைத்துவிடுகிறது. மோடம், அதாவது லைன் வந்து சேரும் பெட்டி, பாக்கெட்டுகளை எறிந்துவிடாமல் நீளமான வரிசையில் நிறுத்தி வைக்கிறது. ஐம்பது மூட்டையோடு நிற்பவருக்குப் பின்னால் கையில் ஒரே ஒரு கடிதத்தோடு நிற்பது போல, உங்கள் கேமின் சின்னப் பாக்கெட் அந்த வரிசையின் வாலில் காத்திருக்கிறது. இதற்குப் பெயர் பஃபர்ப்ளோட்.

உங்கள் வீட்டில் இதுதானா என்று பார்ப்பது சுலபம். கேபிளில், வெளி ஜன்னல் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு ஜிபி அளவுள்ள வீடியோ ஒன்றைக் கிளவுடில் ஏற்றுங்கள். பிங் 20லிருந்து 150, 200 என்று ஏறி அங்கேயே நின்றால், அகப்பட்டுவிட்டது. பிறகு பெரிய டவுன்லோடு ஒன்றைப் போட்டு அந்தப் பக்கமும் பாருங்கள். சும்மா கிடக்கும் லைனில் பிங் எடுத்துவிட்டு லைன் நல்லாயிருக்கிறது என்று சொல்வதில் பயனே இல்லை.

சரிசெய்வதற்கு முதல் வழி, பேக்கப்பையும் கேம் அப்டேட்டையும் எல்லோரும் தூங்கும் நேரத்துக்கு மாற்றுவது. கிளவுட் ஆப்களில் அப்லோடு வேகத்துக்கு வரம்பு போடும் வசதி பெரும்பாலும் உண்டு. அதைப் போட்டாலே பல வீடுகளில் தீர்ந்துவிடுகிறது.

இரண்டாவது வழி ரவுட்டரில். இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதிகள் உண்டு. செட்டிங்ஸில் எஸ்க்யூஎம் (SQM), கேக் (CAKE), எஃப்க்யூ கோடெல் (fq_codel) இவற்றில் ஏதாவது ஒரு பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். ஓப்பன் டபிள்யூஆர்டி (OpenWrt) என்ற இலவச மென்பொருள் போடப்பட்ட ரவுட்டர்களில் கிடைக்கும். அதை இயக்கி, அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை வரம்பாகக் கொடுங்கள். அப்லோடு 20 எம்பிபிஎஸ் வந்தால் 17 அல்லது 18. வேகத்தை நாமே குறைப்பதா என்று எல்லோரும் தயங்குகிறார்கள். குறைத்தால்தான் வரிசை மோடத்தில் சேராமல் உங்கள் ரவுட்டரில் சேரும். உங்கள் ரவுட்டரில் சேர்ந்தால் சின்னப் பாக்கெட்டை முன்னால் விட அதற்குத் தெரியும். வரம்பை நிஜ வேகத்துக்கு மேல் கொடுத்தால் ஒரு பலனும் இருக்காது. பிளானில் எழுதியிருக்கும் எண்ணைக் கொடுக்காதீர்கள், நீங்கள் அளந்ததைக் கொடுங்கள்.

8. கோளாறு வீட்டுக்கு வெளியே என்றால்

வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கேபிளில், வெளி ஜன்னல் மட்டும் எகிறுகிறது என்றாலோ, இரண்டு ஜன்னலும் அசையாமல் இருக்க ஒரு கேம் மட்டும் இழுக்கிறது என்றாலோ மட்டுமே இந்தப் படி.

ஃபைபர் லைனாக இருந்தால் முதலில் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை. சில பெட்டிகளின் செட்டிங்ஸில் வரும் ஒளியின் அளவு எண்ணாக இருக்கும். ஜிபான் (GPON) என்ற ஃபைபர் வகை லைன்களில் அது வழக்கமாக மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் நடுவில் இருக்க வேண்டும். மைனஸ் 27ஐ ஒட்டியோ, மைனஸ் 28, 29 என்று அதற்கும் கீழேயோ இருந்தால், எங்கோ கேபிள் மடங்கியிருக்கிறது அல்லது இணைப்பு அழுக்காகியிருக்கிறது. சுவரோரம் கூர்மையாக மடித்துச் செருகிய மஞ்சள் ஃபைபரை வளைவாக விட்டாலே சில சமயம் சரியாகிவிடும். முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்க வேண்டாம், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுதி.

ஒரே ஒரு கேமில் மட்டும் பிங் எப்போதும் அதிகம் என்றால், சர்வர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் போகும். 5,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்ப 50 மில்லி விநாடி ஆகியே தீரும், எந்தப் பிளானும் அதைக் குறைக்காது. கேம் செட்டிங்ஸில் ரீஜன் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

வழியில் எங்கே தடங்கல் என்று காட்டும் டிரேஸ்ரூட்டை ஓட்டிப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடுவில் ஒரு வரியில் மட்டும் நட்சத்திரம் வந்து, அதற்குப் பின்னால் எல்லாம் ஒழுங்காக இருந்தால் அது கோளாறே இல்லை. அந்த இடத்து ரவுட்டர் பதில் சொல்லச் சோம்பல்படுகிறது, அவ்வளவுதான். ஒரு வரியில் ஏறிய எண் கடைசி வரை இறங்காமல் இருந்தால்தான் அந்த இடத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

இப்போது கஸ்டமர் கேரைக் கூப்பிடுங்கள். "நெட் ஸ்லோவா இருக்கு" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஸ்பீட் டெஸ்ட் போடச் சொல்லி, 100 வருகிறதே என்று புகாரை மூடிவிடுவார்கள். எனக்கே மூன்று முறை அப்படி மூடினார்கள். நோட்டைப் பார்த்து இப்படிச் சொல்லுங்கள்: "கேபிளில், ஒரே ஒரு லேப்டாப் மட்டும். ரவுட்டருக்குப் பிங் 1. வெளியே மூன்று நாளாக இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை நூற்றுக்கு நாலு பாக்கெட் திரும்புவதில்லை. காலையில் இழப்பு இல்லை. வேறு கேபிளும் மாற்றிப் பார்த்துவிட்டேன்." புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். ஜன்னலின் ஸ்கிரீன்ஷாட்டையும் தேதி, நேரம் தெரியும்படி எடுத்து அனுப்புங்கள்.

9. பிங் நன்றாக இருந்தும் நண்பரோடு சேர முடியவில்லையா?

இது தாமதப் பிரச்சினை அல்ல. வீட்டுக் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே வெளி முகவரியில் வெளியே அனுப்பும் ரவுட்டரின் வேலைக்குப் பெயர் நேட் (NAT). கேமில் நேட் ஸ்ட்ரிக்ட் என்று வந்தால், கேம் தனக்கு வேண்டிய வழியைத் தானே திறந்துகொள்ள விடும் யூபிஎன்பி (UPnP) வசதி ரவுட்டரில் இயங்குகிறதா என்று பாருங்கள். கம்பெனி கொடுத்த பெட்டிக்குப் பின்னால் நீங்கள் வாங்கிய ரவுட்டரும் இருந்தால், இரண்டும் ஒரே வேலையைச் செய்து வழியை மறிக்கும். ஏதாவது ஒன்றை பிரிட்ஜ் மோடில், அதாவது அந்த வேலையைச் செய்யாமல் பாக்கெட்டை அப்படியே கடத்திவிடும் நிலையில் போட வேண்டும். ரவுட்டரின் வெளி முகவரி 100.64க்கும் 100.127க்கும் நடுவில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைக் கம்பெனி பலருக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. அதை நீங்கள் வீட்டிலிருந்து மாற்ற முடியாது, தனி முகவரி கேட்டு வாங்க வேண்டும்.

10. செய்ய வேண்டாதவை

டிஎன்எஸ் மாற்றினால் பிங் குறையும் என்பது நம்பிக்கை மட்டுமே. டிஎன்எஸ் பெயரைப் பார்த்து முகவரி சொல்லும், அதோடு அதன் வேலை முடிந்தது. ஆட்டம் தொடங்கிய பிறகு அது நடுவில் இல்லை. இணையப் பக்கங்கள் திறக்கும் முன் ஒரு நொடி தயங்கினால் மட்டும் மாற்றிப் பாருங்கள்.

பிங்கைக் குறைப்பதாகச் சொல்லும் ஆப்களுக்கு, படி 8 வரை முடிக்காமல் பணம் கட்டாதீர்கள். உங்கள் கோளாறு வைஃபையில் இருந்தால் அவற்றால் தொடக்கூட முடியாது.

சரியாகிவிட்டது என்று தோன்றிய அன்றே நோட்டை மூடிவிடவும் வேண்டாம். கோளாறு வழக்கமாக வந்த அதே நேரத்தில், இன்னும் மூன்று இரவு அந்த இரண்டு ஜன்னலையும் ஓடவிடுங்கள். எண்கள் அசையாமல் இருந்தால், நீங்கள் வைத்த சேனல், பேண்ட், வேக வரம்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ரவுட்டரின் அடியில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நாளில் யாராவது அந்த ஊசி ஓட்டையை அழுத்திவிட்டால், மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது.